ஏழடிக்குள் ஒரு நகரம்

படகில் ஏறி ஒரு நகரத்தைச் சுற்றிப் பார்க்கலாம், வருகிறீர்களா?

உடனே வெனிஸ், பாட்டுப் பாடும் படகோட்டி, நிலா என்று கற்பனையை ஓட்டாதீர்கள். நாம் போகப்போவது இங்கிலாந்தின் பர்மிங்ஹாம். இரும்பு, நிலக்கரி, புகைபோக்கி என்று வாழ்ந்த ஊர். ஆனால் ஒரு விஷயம்... 'வெனிஸைவிட எங்கள் ஊரில் கால்வாய் நீளம் அதிகம்' என்று அந்த ஊர்க்காரர்கள் சளைக்காமல் சொல்லிக்கொள்வார்கள். ஒரு காலத்தில் பர்மிங்ஹாமிலும் அதை ஒட்டிய தொழில் ஊர்களிலுமாக சுமார் 160 மைல் கால்வாய் இருந்தது. இன்றைக்கும் 100 மைல் அளவுக்குப் படகு விடலாம்.

பாட்டுப் பாட யாரும் வரமாட்டார்கள். படகை நாம்தான் ஓட்ட வேண்டும். அங்கே வாடகைப் படகு எடுக்க லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. கம்பெனிக்காரர் சிறிது நேரம் சொல்லிக்கொடுத்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். படகின் நீளம் 57 அடி இருக்கலாம். 70 அடிகூட இருக்கும். அகலம்? 6 அடி 10 அங்குலம்! கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டும். ரயில் பெட்டியின் அகலம்கூட வராத இந்த வஸ்துவுக்கு 'நேரோ போட்' என்று பெயர். ஒல்லிப் படகு.

நம் குழுவும் ஒல்லிதான். இரண்டு பேர். முடிந்தால் மூன்று.

இரண்டு பேரால் முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும். ஆனால் அந்த 'முடியும்' என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் 250 வருடக் கதை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படகில் ஏறினால், வழியில் பார்க்கிற ஒவ்வொரு கல்லும் பேசும்.

*

முதலில் மேப்பை விரிப்போம்.

ஊரின் நடுமத்தியில், கேஸ் ஸ்ட்ரீட் என்ற இடத்தில் புறப்படுகிறோம். கொஞ்ச தூரத்திலேயே 'ஓல்ட் டர்ன்' சந்திப்பு. தண்ணீருக்கு நடுவில் ரவுண்டானா மாதிரி ஒரு குட்டித் தீவு இருக்கும். இரண்டாம் உலகப் போரின்போது வந்தது அது. கீழே சுரங்கத்தில் ரயில் ஓடுகிறது. குண்டு விழுந்து கால்வாய் உடைந்தால் ரயில் பாதை முழுகிவிடும் என்று, சட்டென்று தண்ணீரைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதைச் சுற்றிக்கொண்டு திரும்பினால், ஃபார்மர்ஸ் பிரிட்ஜ் என்ற இடத்தில் 13 லாக்குகள் வரிசையாகக் காத்திருக்கும்.

லாக் என்றால்? தண்ணீரில் படிக்கட்டு. இரண்டு பக்கமும் கதவு போட்ட ஒரு கல் தொட்டி. மேலே இருக்கும் படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவைச் சாத்தி, கீழ்க்கதவின் மதகைத் திறந்தால் தண்ணீர் வடியும். கூடவே படகும் இறங்கும். கீழ்மட்டம் வந்ததும் முன்கதவைத் திறந்துகொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். ஏற வேண்டுமென்றால் அப்படியே தலைகீழ். மோட்டார் கிடையாது, பட்டன் கிடையாது. மதகைத் திறக்க எல் வடிவத்தில் ஓர் இரும்புக் கைப்பிடி. கதவைத் தள்ள நம் முதுகு.

ஃபார்மர்ஸ் பிரிட்ஜில் ஒரு மைல்கூட வராத தூரத்துக்குள் 13 லாக். சுமார் 80 அடி இறக்கம். அப்புறம் ஆஸ்டனில் 11. கீழே சால்ஃபோர்ட் சந்திப்பு. அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் கேரிசன் லாக்குகள் 5. இப்போது ஏற்றம். போர்ட்ஸ்லி சந்திப்பில் திரும்பி, டிக்பெத் வழியாக வந்தால் ஆஷ்டெட்டில் 6. மறுபடியும் ஆஸ்டன் சந்திப்பு. அங்கிருந்து பழைய 13-ஐயும் ஏறினால் புறப்பட்ட இடம்.

கூட்டிப் பாருங்கள். 13, 11, 5, 6, 13. மொத்தம் 48 லாக். தூரம் என்னவோ 10 மைலைத் தாண்டாது!

(11 இறங்கி, 5-ம் 6-மாக 11 ஏறுகிறோம் பாருங்கள், கணக்கு டேலி ஆகிறது. பி.காம். படித்தவனுக்கு இதைப் பார்த்தால்தான் நிம்மதி.)

கால்வாய்க்காரர்கள் நேரத்தைக் கணக்குப் போட ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். ஒரு லாக்கை ஒரு மைலாக வைத்துக்கொள். மைலையும் லாக்கையும் கூட்டி மூன்றால் வகு. வருகிற விடைதான் மணி. நமக்கு 58-ஐ மூன்றால் வகுத்தால் 19 மணி நேரத்துக்கு மேல். பழகிய கைகள் இதைவிடச் சீக்கிரம் முடிக்கும். புதிதாகப் போகிறவர்கள் மூன்று பகல் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

10 மைலுக்கு மூன்று நாளா, நடந்தே போய்விடலாமே என்கிறீர்களா? நியாயம்தான். ஆனால் நடந்து போகிறவரால் 30 டன் நிலக்கரியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கதை அங்கேதான் ஆரம்பம்.

*

1760-கள். பர்மிங்ஹாமில் பட்டறைகள் பெருகிக்கொண்டிருந்தன. பித்தான், பூட்டு, துப்பாக்கி... எதைக் கேட்டாலும் செய்து தருவார்கள். ஒரே குறை, ஊர் மேட்டில் இருக்கிறது. கப்பல் வரும் ஆறு பக்கத்தில் எதுவும் கிடையாது. சில மைல் தள்ளி வெட்னஸ்பரியில் மண்ணைத் தோண்டினால் நிலக்கரி. ஆனால் அதைக் கொண்டுவர வேண்டிய சாலைகளோ மழை பெய்தால் சேறு.

ஒரு பொதிக் குதிரையின் முதுகில் ஏற்றக்கூடிய சுமை சுமார் 125 கிலோ. அதையே வண்டியில் பூட்டினால், சாலை நன்றாக இருந்தால், 2 டன். அதே குதிரையை ஒரு படகின் கயிற்றில் கட்டிக் கரையில் நடக்க விட்டால்... 30 டன்! குதிரைக்கு அதே புல், அதே கொள்ளு. சரக்கு மட்டும் பல மடங்கு. இதைப் பார்த்த பிறகும் எந்த முதலாளி சும்மா இருப்பார்?

இருக்கவில்லை. மேத்யூ போல்ட்டன் உள்ளிட்ட உள்ளூர்த் தொழிலதிபர்கள் பணம் போட்டார்கள். 1768-ல் நாடாளுமன்றம் அனுமதிச் சட்டம் போட்டது. 1769 நவம்பரில் முதல் நிலக்கரிப் படகுகள் ஊருக்குள் வந்தன. நிலக்கரி விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. பட்டறைக்காரனுக்குக் கொண்டாட்டம். குளிர்காலத்தில் அடுப்பு மூட்டத் தவித்த ஏழைக்கும் கொண்டாட்டம்.

அந்தக் கால்வாயை வடிவமைத்தவர் ஜேம்ஸ் பிரிண்ட்லி. எழுதப் படிக்கத் தட்டுத்தடுமாறும் ஆசாமி. சிக்கலான பிரச்னை வந்தால் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டு மனசுக்குள்ளேயே கணக்குப் போடுவாராம். 1761-ல் பிரிட்ஜ்வாட்டர் பிரபுவுக்காக மான்செஸ்டர் பக்கம் ஒரு கால்வாய் வெட்டிக் கொடுத்துப் பெயர் வாங்கியவர்.

இந்த பிரிண்ட்லி எடுத்த ஒரு முடிவுதான் நம் கட்டுரையின் கதாநாயகன். வில்லனும் அதுவேதான்.

நாட்டின் நடுப்பகுதியில் ஒரு கால்வாய் வலைப்பின்னலையே அவர் திட்டமிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெரிய மலைச் சுரங்கம் வேறு குடைய வேண்டியிருந்தது. லாக்கை 14 அடி அகலத்தில் கட்டினால் சுரங்கமும் பாலங்களும் அதற்கேற்ப அகலமாக வேண்டும். செலவு எகிறும். தண்ணீரும் இரட்டிப்பாகும். 'ஏழடி போதும்' என்று முடிவு செய்தார். அக்கம்பக்கத்துக் கால்வாய் கம்பெனிகளும் அதே அளவைப் பிடித்துக்கொண்டன. லாக் ஏழடி என்றால் படகு அதற்குள் நுழைய வேண்டுமே... அதனால்தான் 6 அடி 10 அங்குலம்.

முதலீட்டுச் செலவு மிச்சம். பங்குதாரர்களுக்குச் சந்தோஷம். அந்த ஏழடியைக் கல்லில் கட்டிவிட்டார்கள். அப்புறம் மாற்ற முடியவில்லை. கணக்குப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் மிச்சம் பிடித்தது கடைசிப் பக்கத்தில் எந்த வடிவத்தில் வந்து நிற்கும் என்பதை, போகப் போகப் பார்ப்போம்.

*

நம் படகு கேஸ் ஸ்ட்ரீட்டில் கட்டியிருக்கிறது அல்லவா? புறப்படுவதற்கு முன் அங்கேயே ஒரு வேடிக்கையைப் பார்த்துவிடலாம்.

தண்ணீருக்கு நடுவில் ஒரு நீளமான மேடை. அகலம் சுமார் 7 அடி. இந்தப் பக்கம் ஒரு கால்வாய், அந்தப் பக்கம் இன்னொரு கால்வாய். பெயர் வோர்ஸ்டர் பார்.

1791-ல் வோர்ஸ்டர் நகரத்திலிருந்து பர்மிங்ஹாமுக்குப் புதுக் கால்வாய் வெட்ட இன்னொரு கம்பெனி அனுமதி வாங்கியது. பழைய கம்பெனிக்கு வயிற்றெரிச்சல். 'எங்கள் தண்ணீர் அங்கே போய்விடும்' என்று காரணம் சொன்னார்கள். எங்கள் வியாபாரமும் போய்விடும் என்பது சொல்லாத காரணம். இரண்டு கால்வாய்களும் சேரக் கூடாது, நடுவில் ஏழடி இடைவெளி இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுத வைத்துவிட்டார்கள்!

விளைவு? இந்தப் படகிலிருந்து சரக்கை இறக்கி, ஏழடி மேடையைத் தாண்டி, அந்தப் படகில் ஏற்ற வேண்டும். மூட்டை மூட்டையாக, கையால். கண்ணெதிரே அடுத்த படகு நிற்கிறது. ஆனால் போக முடியாது. 1815-ல்தான் மேடையில் ஒரு வழி திறந்து லாக் போட அனுமதி கிடைத்தது. அதுவரை சுமை தூக்கியவர்களின் முதுகுவலிக்கு எந்தக் கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டிலும் தலைப்பு இல்லை.

பழைய கம்பெனியின் தண்ணீர்ப் பயம் முழுப் பொய்யும் இல்லை. நாம் இறங்கப்போகும் ஒரு லாக்கை ஒருமுறை காலி செய்தால் சுமார் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே போய்விடும். நம் ஊர்க் கணக்கில் எட்டுப் பத்து டேங்கர் லாரி. ஊரோ மேட்டில். ஆறு இல்லை. எனவே கீழே போன தண்ணீரை மறுபடி மேலே ஏற்றியாக வேண்டும். 1779-ல் பக்கத்து ஸ்மெத்விக்கில் இதற்காகவே ஒரு நீராவி இயந்திரத்தை நிறுவினார்கள். செய்து கொடுத்தது யார் தெரியுமா? போல்ட்டனும் ஜேம்ஸ் வாட்டும்! வேலை செய்யும் நிலையில் இருக்கும் உலகின் மிகப் பழைய நீராவி இயந்திரம் என்று அதை இன்றும் பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

*

சரி, கட்டை அவிழ்த்துப் புறப்படுவோம். யாருக்கு என்ன வேலை?

ஒருவர் படகின் பின்பக்கம் நின்று சுக்கானைப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கரையில் நடந்து லாக்கைக் கவனிக்க வேண்டும். கீழே இறங்கும்போது, நாம் போய்ச் சேருவதற்குள் தொட்டி நிரம்பியிருக்க வேண்டும். நமக்கு முன்னால் ஒரு படகு இறங்கிப் போயிருந்தால் 13 தொட்டியும் காலியாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் நிரப்பி, நுழைந்து, வடித்து, வெளியேறி, கதவைச் சாத்தி... கரையில் இருப்பவருக்குக் கால் கழன்றுவிடும்.

இங்கேதான் மூன்றாவது ஆளின் மகிமை. அவர் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போய், அடுத்த லாக்கைத் தயார் செய்து வைப்பார். பழைய படகோட்டிகள் இதைத்தான் செய்தார்கள். நாளெல்லாம் அதே வேலையாக, பெரும்பாலும் வீட்டுப் பையன்தான் அனுப்பப்படுவான். இரண்டு பேர் மூன்றானால் வேகம் எக்கச்சக்கமாகக் கூடும். நான்காவது ஆள் வந்தால் கொஞ்சம் கூடும். ஐந்தாவது ஆள் டீ போடலாம். கல்லூரியில் 'குறைந்து செல் விளைவு விதி' என்று மனப்பாடம் செய்தோமே, அதை இவ்வளவு தெளிவாக எந்தப் புரொபசரும் நடத்தியதில்லை.

கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மேல்கதவின் அடியில், தொட்டிக்குள் நீட்டிக்கொண்டு ஒரு கல் விளிம்பு இருக்கும். தண்ணீர் வடியும்போது படகின் பின்பகுதி அதன்மேல் மாட்டிக்கொண்டால், முன்பகுதி மட்டும் இறங்கிப் படகு கவிழ்ந்து முழுகிவிடும். அந்த விளிம்பு எதுவரை என்று ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். சுக்கான் பிடிப்பவர் அந்தக் கோட்டுக்கு முன்னாலேயே படகை வைத்துக்கொள்ள வேண்டும். மதகு திறப்பவர் படகின்மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது. மாட்டுகிற மாதிரித் தெரிந்தால் உடனே மதகை மூட வேண்டும். இரண்டு பேர் மட்டுமே போகும்போது, 'மூடு' என்பதற்கு ஒரு கை ஜாடையைப் புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்வது உத்தமம். இன்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது.

இன்னொன்று, நகரத்துக் கால்வாயில் பிளாஸ்டிக் பையும் துணியும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்கப் படகின் அடியில் ஒரு திறப்பு உண்டு. இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகுதான் கையை உள்ளே விட வேண்டும். அப்புறம், இந்த ஊரில் பல மதகுகளுக்குத் தனிப் பூட்டுப் போட்டிருப்பார்கள், விஷமிகள் திறந்துவிடாமல் இருக்க. அதற்கான சாவியை மறந்துவிட்டால் முதல் லாக்கிலேயே பயணம் முடிந்தது.

இறங்கும்போது தலையை நிமிர்த்திப் பாருங்கள். சில லாக்குகள் கட்டடங்களுக்கு அடியில், ரயில் பாலத்துக்கு அடியில் பதுங்கியிருக்கும். 1789-ல் இந்தப் பாதை திறந்தபோது மேலே வெறும் வானம். பாதை பிரபலமாகி, படகுகள் வரிசை கட்டி நின்றன. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இங்கே கேஸ் விளக்குப் போட்டு இரவும் பகலும் லாக்கை இயக்கினார்கள். நைட் ஷிஃப்ட்! அப்படியும் நெரிசல் தாங்கவில்லை. 1844-ல் இரண்டு புறவழிக் கால்வாய்கள் வெட்டினார்கள். நாம் சால்ஃபோர்டில் திரும்பப்போவது அவற்றில் ஒன்றில்தான்.

*

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஊவென்று ஊதிக்கொண்டு வந்தது ரயில்.

1846-ல் நடந்த ஒப்பந்தம் சுவாரசியமானது. லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் என்ற ரயில்வே கம்பெனி, பர்மிங்ஹாம் கால்வாய் கம்பெனியிடம், 'உங்கள் பங்குதாரர்களுக்கு 4 சதவிகித டிவிடெண்டுக்கு நாங்கள் உத்தரவாதம். குறைந்தால் நாங்கள் ஈடுகட்டுகிறோம். ஆனால் நாங்கள் ஈடுகட்டும் நிலை வந்தால், முடிவு எடுப்பதும் நாங்கள்தான்' என்றது. பங்குதாரர்கள் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். எதிரியிடமே சம்பளம் வாங்கிய கதை.

ஆனால் பர்மிங்ஹாமில் கால்வாய் உடனே சாகவில்லை. தொழிற்சாலைகள் தண்ணீர்க் கரையிலேயே இருந்ததால், அங்கிருந்து ரயில் நிலையம் வரை சரக்கைக் கொண்டுபோகப் படகு தேவைப்பட்டது. 1898 வாக்கில் வருடத்துக்கு 80 லட்சம் டன்னுக்கும் மேல் போனது. இந்தக் குறுகிய ஓட்டத்துக்கு அறையே இல்லாத திறந்த படகுகள். காலையில் போய் மாலையில் வீடு திரும்பும் கூலிக்காரர்கள்.

அடி விழுந்தது நெடுந்தூரம் போகிறவர்களுக்கு. ரயிலோடு போட்டி போட வேண்டுமென்றால் வாடகையைக் குறைக்க வேண்டும். எங்கே குறைப்பது? படகைப் பெரிதாக்கி, ஒரே நடையில் அதிகச் சரக்கு ஏற்றலாம். முடியாது... லாக் ஏழடி! வண்டிக்குப் பின்னால் வண்டி என்று ரயில் கோத்துக்கொண்டே போகலாம். படகால் முடியாது. அதே 30 டன்தான். மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று. ஆள் சம்பளம்.

டன்னுக்கு இவ்வளவு என்று படகுத் தலைவனிடம் மொத்தமாகக் கொடுத்துவிடுவார்கள். உதவிக்கு ஆள் வைத்தால் அவன் கூலி தலைவனின் கையைக் கடிக்கும். எனவே மனைவி வந்தாள், சுக்கான் பிடிக்க. பிள்ளைகள் வந்தார்கள், குதிரையை ஓட்ட. கரையில் வீட்டு வாடகையும் மிச்சம். ரயிலுக்கு முன்பே சில குடும்பங்கள் படகில் இருந்ததுண்டு. ஆனால் ரயில் வந்த பிறகு அது வழி இல்லாதவர்களின் வழியாகிப் பரவியது. மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சம்பளம் கிடையாது. கணக்குப் புத்தகத்தில் ஒரு பெயர். வேலை செய்தது நாலைந்து பேர்.

வீடு? பின்பக்கம் 10 அடிக்கு 7 அடி அறை. அதற்குள் அடுப்பு, அலமாரி, மடக்குக் கட்டில், மொத்தக் குடும்பம். அந்த அறையின் கதவிலும் தண்ணீர்க் குடத்திலும் ரோஜாப் பூக்களும் கோட்டைகளும் வரைந்து வைத்தார்கள். இன்றைக்கு அந்த ஓவியங்களை வாங்கி வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. படகு இன்று இங்கே, நாளை அங்கே. எந்த ஊர்ப் பள்ளியில் சேர்ப்பது? ஜார்ஜ் ஸ்மித் என்றொருவர். சின்ன வயதில் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். சூளைப் பிள்ளைகளுக்காகப் போராடி 1871-ல் சட்டம் வரக் காரணமாக இருந்துவிட்டு, அடுத்து படகுப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். 1875-ல் புத்தகம் எழுதினார். அதில் கொஞ்சம் மிகைப்படுத்தினார் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் காரியம் நடந்தது. 1877-ல் சட்டம் வந்தது. படகைப் பதிவு செய், அறையின் அளவைப் பார்த்து இத்தனை பேர்தான் தங்கலாம். 1884-ல் இன்னொரு சட்டம், கண்காணிக்க இன்ஸ்பெக்டர்கள். படிப்பு மட்டும் அதற்கு அப்புறமும் பல காலம் எட்டாக்கனியாகவே இருந்தது.

*

நம் படகு இப்போது சால்ஃபோர்ட் சந்திப்பில் இருக்கிறது. தலைக்கு மேலே கான்கிரீட் இடியாப்பம். 1972-ல் திறந்த நெடுஞ்சாலைச் சந்திப்பு, 'ஸ்பாகெட்டி ஜங்ஷன்' என்று உலகப் பிரசித்தம். அதன் தூண்களை நடும்போது, குதிரை இழுக்கும் படகின் கயிறு மாட்டிக்கொள்ளாதபடி இடம் பார்த்து நட்டார்களாம். குதிரையே ஏறக்குறைய மறைந்துபோன காலத்தில்! என்ன மரியாதை பாருங்கள்.

வலப்பக்கம் திரும்பி கேரிசன் லாக்குகளில் ஏறுகிறோம். இங்கே கொஞ்சம் நிதானிக்கலாம்.

1930-களில் லண்டன்-பர்மிங்ஹாம் கால்வாயை அகலப்படுத்த ஆரம்பித்தார்கள். இரண்டு ஒல்லிப் படகுகள் ஜோடியாக நுழையும்படி 14 அடி லாக்குகள். 1934-ல் கோலாகலமாகத் திறந்தார்கள். ஆனால் பர்மிங்ஹாம் விளிம்பு வரை வந்து வேலை நின்றுவிட்டது. ஊருக்குள் அதே ஏழடி.

அப்புறம் போர் வந்தது. ஆண் கை பற்றாக்குறை. படகோட்டப் பெண்கள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார்கள். படகையே பார்த்திராத படித்த பெண்கள் பலர் வந்தார்கள். மூன்று பெண்களுக்கு ஒரு ஜோடிப் படகு. ஒன்றில் இன்ஜின், இன்னொன்றை அது இழுக்கும். லண்டனில் சுமார் 50 டன் உலோகம் ஏற்றி, பர்மிங்ஹாம் டைஸ்லி துறையில் இறக்குவார்கள். பிறகு காவன்ட்ரி பக்கச் சுரங்கங்களில் நிலக்கரி ஏற்றி லண்டன் திரும்புவார்கள். உள்நாட்டு நீர்வழி என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் பொறித்த பேட்ஜைப் பார்த்து, யாரோ கிண்டலாக 'சோம்பேறிப் பெண்கள்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். எட்டு மணி நேர வேலை அல்ல அது. விடிந்தது முதல் இருட்டும்வரை.

டைஸ்லியிலிருந்து நிலக்கரிக்குப் போகும் வழியை அவர்கள் 'பாட்டம் ரோடு' என்பார்கள். கீழ் ரோடு. பேரைச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். நாம் இப்போது ஏறிக்கொண்டிருக்கும் இதே கேரிசன் லாக்குகளில் அவர்கள் இறங்கினார்கள். ஜோடியாக வந்த படகுகள் இங்கே ஏழடிக்குள் ஜோடியாக நுழையாது. முதலில் இன்ஜின் படகு. பிறகு தொட்டியை மறுபடி நிரப்பி, இரண்டாவது படகு. அதற்கு இன்ஜின் கிடையாதே? கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தார்கள். தொழிற்சாலைப் புகைக்கும் கறுப்புத் தண்ணீருக்கும் நடுவில், லாக் லாக்காக. ஜேம்ஸ் பிரிண்ட்லி மிச்சம் பிடித்த ஏழடிக்கு 170 வருடம் கழித்து வட்டி கட்டியவர்கள் இந்த மூன்று பெண்கள்.

எம்மா ஸ்மித் அப்படிப் போனவர்களில் ஒருவர். 1948-ல் வெளிவந்த அவருடைய 'மெய்டன்ஸ் ட்ரிப்' நாவல், மூன்று பெண்கள் போகும் ஒரு நடையைப் பற்றியதுதான்.

*

போர்ட்ஸ்லி தாண்டி டிக்பெத் பக்கம் வந்தால், ஒரு படகுத் துறை. பெயர் டைஃபூ.

ஜான் சம்னர் என்ற பர்மிங்ஹாம் மளிகைக்காரர். அவருடைய சகோதரிக்கு அஜீரணத் தொல்லை. ஒரு வகைத் தூள் தேயிலை அதற்கு இதமாக இருந்தது என்று அவர் சொல்ல, அதையே பாக்கெட் போட்டு 1903-ல் விற்க ஆரம்பித்தார். 'டாக்டர்' என்ற பொருள் தரும் சீனச் சொல்லை ஒட்டிப் பெயர் வைத்தார். பெயர்தான் சீனம். தேயிலை வந்தது இலங்கையிலிருந்து.

இலங்கை மலைத் தோட்டங்களில் அந்தக் கொழுந்தைக் கிள்ளியது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். அங்கேயும் அப்பா, அம்மா, பிள்ளை எல்லோருமாக உழைத்தால்தான் அடுப்பு எரியும். 10 அடிக்கு 10 அடி லயம். இங்கேயோ 10 அடிக்கு 7 அடி அறை. இந்த இரண்டு குடும்பங்களும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் படகில் கொதித்த தேநீருக்கும் தோட்டத்துக் கூடைக்கும் நடுவில் ஒரு கோடு ஓடத்தான் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1970-களின் இறுதியில் ஊரைவிட்டுப் போய்விட்டது. துறைக்குப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

*

1948-ல் கால்வாய்கள் அரசுடைமையாயின. லாரி வந்தது. 1962-63 குளிர்காலத்தில் வாரக்கணக்கில் தண்ணீர் உறைந்துபோனது. படகு நின்றது, சரக்கு லாரிக்குப் போனது, பனி உருகியபின் திரும்பி வரவில்லை. 1970 வாக்கில் பர்மிங்ஹாம் கால்வாய்களில் சரக்குப் போக்குவரத்து ஏறக்குறைய முடிந்துபோனது. கணக்குப்படி பார்த்தால் மண்ணைப் போட்டு மூடியிருக்க வேண்டும். சிலவற்றை மூடியும் விட்டார்கள்.

மற்றவை பிழைத்ததற்கு ஒரு சின்னக் குழுவின் பயணமும் காரணம். டாம் ரோல்ட் என்ற இன்ஜினீயர், 1939-ல் தன் மனைவி ஏஞ்சலாவுடன் 'கிரெஸி' என்ற பழைய படகில் கிளம்பினார். இரண்டே பேர். அந்த அனுபவத்தை அவர் எழுதிய புத்தகம் 1944-ல் வந்தது. படித்தவர்கள், 'இப்படி ஒரு உலகம் நம் கொல்லையிலேயே இருக்கிறதா?' என்று அசந்துபோனார்கள். 1946-ல் அவரும் ராபர்ட் ஐக்மேன் என்பவரும் சேர்ந்து கால்வாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். தொண்டர்கள் வார இறுதிகளில் சேற்றில் இறங்கித் தூர் வாரினார்கள். 2012 முதல் இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவற்றை ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது.

இப்போது அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். இரண்டு பேரால் முடியுமா?

முடியும். காரணம், அதே ஏழடி. லாக் ஒல்லி என்பதால் கதவும் ஒல்லி. ஒரு ஆள் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் திறக்கும். தொட்டி சிறிது என்பதால் சில நிமிடங்களில் நிரம்பும். சரக்கு வியாபாரத்தை நெரித்த அளவு, உல்லாசப் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிட்டது. பிரிண்ட்லி படுக்கையில் படுத்துக்கொண்டு போட்ட கணக்கில் இந்த வரவு மட்டும் நிச்சயம் இருந்திருக்காது.

அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் ஒன்றுதான். நாம் களைத்தால் படகை ஓரம் கட்டிவிட்டுக் காலை நீட்டலாம். டன் கணக்கில் கூலி வாங்கிய குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதித்த இடங்கள் தவிர மற்ற மூலைகளில், அதுவும் இருட்டியபின் வேண்டாம். இரும்புக் கைப்பிடி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிச்சயம் தண்ணீரில் விழும். கையுறை அவசியம், பழைய மதகுகள் உள்ளங்கையைப் பதம் பார்க்கும். ஒவ்வொரு லாக்கையும் தாண்டியதும் திரும்பிப் பார்த்து, மதகை இறக்கி, கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். மேட்டு ஊரின் தண்ணீர் அது. பின்னால் இன்னொரு படகு வரும். அதிலும் இரண்டு பேர்தான் இருப்பார்கள்.